மைனஸ் நாற்பதில் நாய் வளர்ப்பு: குளிரைவிடத் தண்ணீர்தான் பெரிய வேலை

கேள்வி இதுதான்: ஹூஸ்டனில் இருக்கும் ஒரு குடும்பம் வேலை மாற்றலாகி அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்குப் போகிறது. வீட்டில் நான்கு வயது லேப்ரடார் ஒன்று இருக்கிறது. "அங்கே மைனஸ் 40 டிகிரியில் நாய்களை வெளியிலேயே கட்டி வைத்திருக்கிறார்களாமே, அவை எப்படித் தாங்குகின்றன? குளிர்காலத்தில் நாயோடு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? எங்கள் நாய் பிழைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நானும் ஃபேர்பேங்க்ஸில்தான் இருக்கிறேன். வீட்டுக்குள் வளரும் நாய் ஒன்று உண்டு. அதுபோக, தெருக்கோடியில் இருபது ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) நாய்கள் வைத்திருக்கும் ஒருவருக்குக் குளிர்கால மாலைகளில் ஒத்தாசைக்குப் போவது வழக்கம். அதனால் வீட்டு நாய், பட்டி நாய் இரண்டைப் பற்றியும் சொல்ல முடியும்.

உங்கள் நாய் பிழைக்கும், நன்றாகவே இருக்கும். ஆனால் கவலையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். இங்கே நாய் வைத்திருப்பவரிடம் குளிர்காலத்தில் எது கஷ்டம் என்று கேட்டுப்பாருங்கள், தண்ணீர் என்பார்.

முதலில் குளிர். ஜனவரி சராசரி மைனஸ் 22 டிகிரி அளவில் இருக்கும். பெரும்பாலான வருடங்களில் சில நாட்களாவது மைனஸ் 40ஐத் தொட்டுவிடும். அந்தக் குளிரில் வெளியே படுத்திருப்பவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கிகள். படங்களில் வரும் நீலக்கண் சைபீரியன் ஹஸ்கி வேறு. அலாஸ்கன் ஹஸ்கி பதிவுபெற்ற இனமே கிடையாது. வேகம், உறுதியான பாதம், நல்ல பசி என்று பார்த்துப் பார்த்துக் கலந்து உருவாக்கிய வேலைக்கார நாய். எடை 20 முதல் 25 கிலோதான். இவ்வளவு சின்ன நாயா வண்டி இழுக்கிறது என்று முதலில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

முடி இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே பஞ்சு மாதிரி அடர்த்தி, வெளியே நீளமான சொரசொரப்பு. காலையில் பட்டிக்குள் போனால், வெளியே சுருண்டு கிடக்கும் நாயின் முதுகில் இரவு விழுந்த பனி உருகாமல் அப்படியே இருக்கும். உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. உருகி நனைந்திருந்தால்தான் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். பாதத்தில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. உள்ளே போகும் சூடான ரத்தக் குழாயும் திரும்பி வரும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் ஒட்டியபடி ஓடுகின்றன. போகிற ரத்தம் தன் சூட்டை வருகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால், பாதத்தில் குளிர்ந்த ரத்தம் அப்படியே உடம்புக்குள் ஏறுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதை விளக்கமாகக் காட்டினார்கள்.

கூண்டு ஒட்டுப்பலகையில் அடித்த சின்னப் பெட்டிதான். பெரிதாக இருந்தால் நாயின் சூடு அதை நிரப்பாது. சுருண்டு படுக்கும் அளவு, சின்ன வாசல், தட்டையான கூரை. கூரை தட்டையாக இருப்பதே நாய் மேலே ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கத்தான். உள்ளே வைக்கோல். டெல்டா ஜங்ஷன் பக்கம் விளையும் பார்லியின் வைக்கோல் இங்கே லோடு லோடாக வரும். நல்ல மனசோடு பழைய கம்பளியைப் போட்டுவிடாதீர்கள். மூச்சின் ஈரத்தையும் உடம்பின் ஈரத்தையும் கம்பளி குடித்துக்கொள்ளும், விடியும்போது விறைத்த பலகையாகக் கிடக்கும். வைக்கோல் தண்டு உள்ளே வெற்றாக இருப்பதால் காற்றைப் பிடித்துவைக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்காது. புது வைக்கோல் போடும் நாள் பட்டிக்கே திருவிழாதான். நாய் உள்ளே நுழைந்து பாதியை வெளியே தள்ளும், மறுபடி இழுக்கும், சுற்றிச் சுற்றி மிதிக்கும். படுக்கக் கிண்ணம் மாதிரி ஒரு குழி தயாரான பிறகுதான் ஓயும்.

குளிர் கடிக்கிற இடங்களும் உண்டு. காது நுனி, விலா ஓரத்தில் முடி குறைந்த பகுதி, பால் கொடுத்த பெண் நாயின் காம்புகள், ஆண் நாயின் குறி. கடைசியாகச் சொன்னதற்குத் தனியாக உறையே தைத்து விற்கிறார்கள். ஓடும்போது எதிர்க்காற்று அங்கேதான் நேராக அடிக்கும் என்பதால் மஷர்கள் (ஸ்லெட் ஓட்டுகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த நாய்களுக்கு உண்மையில் ஆகாதது வெயில். மைனஸ் 20, 25 என்றால் அவற்றுக்கு உற்சாகம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நாக்கு தொங்கிவிடும். அந்த மாதிரி நாட்களில் மஷர்கள் இருட்டியபிறகு வண்டி பூட்டுவார்கள். மறுபக்கம், மைனஸ் 40க்குக் கீழே போனால் பனி வழுக்காது, ஸ்லெட்டின் அடிப்பட்டை மணலில் இழுப்பதுபோலத் திணறும். அப்போது நாய்க்காக அல்ல, வண்டிக்காகவே ஓட்டத்தை நிறுத்திவைப்பவர்கள் உண்டு.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

ஃபேர்பேங்க்ஸைச் சுற்றி குழாய்த் தண்ணீர் இல்லாத மரவீடுகள் ஏராளம். 'ட்ரை கேபின்' என்பார்கள். நிரந்தர உறைமண் உள்ள இடத்தில் கிணறு தோண்டுவதும் குழாய் பதிப்பதும் செலவு பிடித்த காரியம் என்பதால், மாணவர்கள், பேராசிரியர்கள், மஷர்கள் என்று பலதரப்பட்டவர்களும் இப்படி இருக்கிறார்கள். ஊருக்குள் தண்ணீர் நிரப்பும் நிலையத்துக்கு வண்டியில் போய், ஐந்து காலன் கேன்களில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கேன் கிட்டத்தட்ட 19 கிலோ. ஓடாத நாளில்கூட ஒரு நாய்க்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். இருபது நாய்க்கு நாற்பது லிட்டர். தினமும் இரண்டு கேன், நாய்களுக்கு மட்டும். குளிக்க ஊர்ப் பொதுக் குளியலறைக்குப் போகிற மனிதர், நாய்க்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பார்.

சுற்றிலும் பனி கிடக்கிறதே, அதைத் தின்னாதா என்று தோன்றும். தின்னும். ஓடும்போதே பக்கவாட்டில் வாயை விட்டு ஒரு கவ்வு கவ்விக்கொண்டு போகும். ஆனால் இங்கே விழும் பனி அவ்வளவு காய்ந்தது, லேசானது. பத்து லிட்டர் வாளி நிறையப் புதுப்பனி அள்ளி உருக்கினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறினால் அதிகம். நாய் எவ்வளவு கவ்வினாலும் வயிறு நிறையாது, வாய்தான் விறைக்கும். உருக்கிக் கொடுக்கலாம் என்றால், பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றாமல் வெறும் பனியை அடுப்பில் வைத்தால் அது உருகுவதற்குள் பாத்திரம் தீய்ந்து, தண்ணீரிலும் தீய்ந்த வாடை ஏறிவிடும். நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு வரவும் முடியாது. மைனஸ் 30இல் சில நிமிடங்களில் மேலே ஏடு கட்டிவிடும், அப்புறம் கல். ஆகவே ஊற்றின கையோடு நாய் குடித்து முடிக்க வேண்டும். குதிரைக்குத் தண்ணீர் காட்டலாம், குடிக்க வைக்க முடியாது என்ற கதை இங்கே செல்லாது, குடிக்க வைத்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் வெந்நீரில் எதையாவது கலந்து கொடுப்பது. இறைச்சித் துண்டு, கொழுப்பு, மீன் வெட்டினபோது மிஞ்சிய குடல், ஒரு கை காய்ந்த தீனி. தண்ணியாக ஒரு சூப். வாசனைக்காக நக்க ஆரம்பித்து, அடியில் கிடக்கும் துண்டுக்காக மொத்தத்தையும் குடித்துவிடும்.

அதைத் தயாரிக்கும் விதம் பார்க்க வேண்டியது. இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பாக்கி, விறகு எரித்து, மேலே அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். இறைச்சி பெரிய உறைந்த கட்டிகளாக வரும். அதைக் கோடரியாலோ மின்வாளாலோ துண்டு போடுவார்கள். தெறிக்கும் தூளைப் பொறுக்கப் பக்கத்து நாய்கள் சங்கிலி எட்டும் தூரம்வரை வந்து நிற்கும். துண்டுகளை பிக்னிக் போகும்போது ஐஸ் போட்டு எடுத்துப்போவோமே, அந்த கூலர் பெட்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவிடுவார்கள். நாலு மணிநேரம் கழித்துத் திறந்தாலும் ஆவி பறக்கும். ஐஸ்பெட்டி சூடு காக்கும் பெட்டியாக மாறிவிடுகிற ஊர் இது. பிறகு நீளக் கைப்பிடி போட்ட அகப்பையால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். அடுப்புப் பக்கம் மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே இருபது நாயும் சேர்ந்து கத்தும் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒன்று ஊளையிட ஆரம்பிக்கும், எல்லாம் சேர்ந்துகொள்ளும். பிறகு ஒரே நொடியில் எல்லாம் நிறுத்தும். யார் சைகை கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போதுமான தண்ணீர் உள்ளே போனதா என்பதைப் பனியில் சிறுநீர் விட்ட இடமே சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள், பழுப்பு என்றால் அந்த நாய்க்கு அடுத்த வேளை கூடுதல் சூப். பிடரித் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பதும் வழக்கம். உடனே படிந்துவிட வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் நீர் குறைவு. மலம் அள்ளும் வேலையும் தினசரி உண்டு. உறைந்து தரையோடு ஒட்டியிருக்கும், மண்வெட்டியால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்த நாய்க்கு வயிறு சரியில்லை என்பது அங்கேதான் முதலில் தெரியும் என்பதால் அனுபவசாலிகள் அந்த வேலையைச் சின்னப் பையன்களிடம் விடுவதில்லை.

சாப்பாட்டில் கொழுப்புதான் ராஜா. நீண்ட தூரப் பந்தயத்தில் ஓடும் 25 கிலோ நாய் ஒரு நாளில் பத்தாயிரம் கலோரிக்கு மேல் எரிக்கும். மாவுச்சத்தால் அதை ஈடுகட்ட முடியாது. யூகான், தனனா ஆற்றங்கரை கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நாய்க்குச் சம் சால்மன்தான் தீனி. ஆற்றோட்டத்தில் தானாகச் சுழலும் மீன் சக்கரத்தில் பிடித்து, பிளந்து, பந்தலில் தொங்கவிட்டுக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். 2020க்குப் பிறகு யூகானில் சம் மீன் வரத்து படுத்துவிட்டது. 2021இல் வீட்டுத் தேவைக்குப் பிடிப்பதையே நிறுத்த வேண்டிவந்தது. கடைத் தீனியை விமானத்தில் வரவழைத்து நாய் வளர்ப்பது கிராமத்துக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. பட்டிகள் சுருங்குவதற்கு ஸ்னோமெஷின் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஒரு காரணம், இது இன்னொன்று. முன்னதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பின்னதைப் பற்றி வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஸ்னோமெஷின் 1960களில் கிராமங்களுக்குள் வந்து சில வருடங்களிலேயே நாய்களை ஓரங்கட்டியது உண்மை. நாய்கள் அடியோடு போய்விடக் கூடாது என்றுதான் ஜோ ரெடிங்டன் போன்றவர்கள் 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை இடிட்டராட் பந்தயத்தைத் தொடங்கினார்கள். டெனாலி தேசியப் பூங்காவில் வனக்காவலர்கள் 1920களிலிருந்து இன்றுவரை நாய் வண்டியில்தான் குளிர்கால ரோந்து போகிறார்கள். அந்த நாய்களைக் கோடையில் போய்ப் பார்க்கலாம், குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள்.

நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பது கொடுமை இல்லையா என்ற கேள்வியும் உங்கள் வரிகளுக்கு இடையில் இருக்கிறது. என் அபிப்பிராயம்: சங்கிலியைவிட, ஓட்டம்தான் அளவுகோல். வாரத்தில் பல நாள் பூட்டி ஓட்டப்படும் நாய், நடுவில் கம்பம் நட்டு வட்டமாகச் சுற்றிவரும்படி கட்டியிருந்தாலும் தெம்பாக இருக்கும். வாங்கிக் கட்டிவிட்டு, ஓட்ட நேரமில்லாமல் விட்டுவிட்ட பட்டிகளும் உண்டு. அவற்றைப் பார்த்தால் எனக்கும் மனசு கேட்காது.

பாதத்துக்கு வருவோம். ஓடும் நாய்க்கு நாலு காலிலும் துணி உறை மாட்டுவார்கள், பூட்டி என்று பெயர். கணுக்காலில் ஒட்டுப்பட்டை. பன்னிரண்டு நாய் பூட்டினால் நாற்பத்தெட்டு உறை, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் மாட்ட வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாமல் கால் வீங்கும், தளர விட்டால் முதல் வளைவில் கழன்று போகும். குளிரைத் தடுப்பதற்கு என்று நினைப்பார்கள், அது பெரிய காரணம் அல்ல. கடுங்குளிரில் பனிப்படிகம் அரம் மாதிரி தோலைத் தேய்க்கும். இளஞ்சூட்டு நாளிலோ விரலிடுக்கு முடியில் பனி உருண்டை கட்டிக்கொள்ளும், நாய் நொண்டும். அதற்குத்தான் உறை. ஓட்டம் முடிந்து படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இருட்டு அடுத்த விஷயம். டிசம்பர் 21 அன்று இங்கே பகல் 3 மணி 41 நிமிடம்தான். நாய் வேலைகளில் முக்கால்வாசி நெற்றி விளக்கில்தான் நடக்கும். அந்த வெளிச்சத்தில் திடீரென்று உயரத்தில் இரண்டு கண் மின்னினால் அது மூஸ் என்ற ராட்சத மான். ஆழமான பனியில் நடக்கக் கஷ்டப்படும் மூஸ், மனிதர்கள் மிதித்துக் கெட்டியாக்கின பாதைக்கு வந்துவிடும், யாருக்கும் வழி விடாது. நாய்களை ஓநாய் என்று நினைத்து முன்னங்காலால் மிதிக்கும். 1985 இடிட்டராடில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த சூசன் புச்சரின் நாய்கள்மேல் ஒரு மூஸ் பாய்ந்து இரண்டு நாய்களைக் கொன்றது, இன்னும் பலவற்றைக் காயப்படுத்தியது. அவர் பந்தயத்தை விட வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஜெயித்தவர் லிபி ரிடில்ஸ், இடிட்டராடில் ஜெயித்த முதல் பெண். புச்சர் பிறகு நான்கு முறை ஜெயித்தார். வீட்டு நாயோடு நடக்கும்போதும் இதே கதைதான். மூஸைப் பார்த்தால் நாயின் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள், குரைக்க விடாதீர்கள்.

இனி உங்கள் லேப்ரடார். நாய்க்குக் குளிர்கால முடி வளர்வது பெரும்பாலும் பகல் குறைவதை வைத்துத்தான். ஜனவரியில் ஹூஸ்டனிலிருந்து நேரே வந்து இறங்கினால் அதன் உடம்பில் ஹூஸ்டன் முடிதான் இருக்கும். முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள். முதல் குளிர்காலத்தில் மைனஸ் 15க்குக் கீழே கோட்டு, மைனஸ் 25க்குக் கீழே கோட்டும் பூட்டியும் போடுங்கள். மைனஸ் 35 என்றால் வாசலில் காரியம் முடித்துவிட்டு உள்ளே வந்துவிடுவதுதான். ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தால், 'போதும்' என்று நாய் சொல்கிறது என்று அர்த்தம். நடந்து போயிருந்தால் உடனே திரும்புங்கள், வீடு தூரமாக இருக்கும் இடத்தில் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

உள்ளூர்க்காரர்கள் செய்யும் ஒரு தந்திரம் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிடும், குன்றுகள்மேல் பத்து டிகிரிக்கும் மேலே வித்தியாசம் இருக்கும். ஊருக்குள் மைனஸ் 38இல் பனிப்புகை மூடியிருக்கும்போது, கால்மணி நேரம் காரில் மேலேறினால் மைனஸ் 22இல் நாயை நிம்மதியாக நடத்தலாம். காரின் எஞ்சினுக்கு மின்சூடேற்றி போட்டு வைத்திருந்தால்தான் அந்த யோசனையே, அது தனிக் கதை.

சாலை உப்புக்குப் பயப்பட வேண்டாம். இந்தக் குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் பெரும்பாலும் சரளைதான் தூவுவார்கள். கடை வாசல்களில் மட்டும் ரசாயனம் போட்டிருக்கலாம், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் துடைத்துவிடுங்கள். கார் ஷெட்டில் ரேடியேட்டர் திரவம் சிந்தியிருந்தால் உடனே கழுவுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிட்டால் சிறுநீரகம் போய்விடும். நவம்பரிலிருந்து குளிர்காலம் முடியும்வரை காட்டுப் பாதை ஓரங்களில் மென்மயிர் விலங்குகளுக்குப் பொறியும் சுருக்கும் வைத்திருப்பார்கள், சட்டப்படியேதான். இரைக்கு வைத்த இறைச்சி வாசனைக்கு லேப்ரடார் போகாமல் இருக்குமா? கயிற்றை விடாதீர்கள்.

வீட்டுக்குள் காற்று அவ்வளவு காய்ந்திருக்கும், நாயைத் தடவிவிட்டு மூக்கைத் தொட்டால் பொறி பறக்கும். நாய் இரண்டு நாள் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். முதலில் ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் நாயைத் தொடுங்கள். தண்ணீர் விஷயம் வீட்டு நாய்க்கும் பொருந்தும். இந்தக் காய்ந்த காற்றில் அதிகம் குடிக்க வேண்டும், ஆனால் குளிரில் தாகமே தெரியாதது மாதிரி திரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எலும்பு சூப் கலந்து வையுங்கள்.

நடை மட்டும் போதாது என்று அது வீட்டைத் துவம்சம் செய்ய ஆரம்பித்தால் ஸ்கீஜோரிங் பழக்குங்கள். உங்கள் இடுப்புப் பட்டையிலிருந்து நாயின் உடற்பட்டைக்கு நீளும் கயிறு, நீங்கள் ஸ்கீயில். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. லேப்ரடார் நன்றாகவே இழுக்கும். நிறுத்தச் சொன்னால் நிற்பதுதான் கடைசியில் வரும், ஆகவே ஏற்றத்தில் பழகுங்கள். மார்ச்சில் வெளிச்சம் திரும்பிவிடும், அதுதான் இதற்கு அருமையான மாதம். அதே மாதம் ஊர் நடுவில் செகண்ட் அவென்யூவில் பனி கொட்டி, 1946இலிருந்து நடக்கும் ஓப்பன் நார்த் அமெரிக்கன் நாய் வண்டிப் பந்தயம் நடக்கும், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

ஏப்ரலில் எல்லாம் உருகும்போது குளிர்காலம் முழுக்க அள்ளாமல் விட்டதெல்லாம் வெளியே வரும். லேப்ரடாருக்கு அது விருந்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தினமும் அள்ளிவிடுங்கள். ஆற்றுப் பனியில் அந்த மாதம் நாயை இறக்கவே கூடாது. ஊருக்குள் ஓடும் சீனா (Chena) ஆற்றில் எந்த மாதமும் வேண்டாம். மின்நிலையத்திலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான தண்ணீரால் அங்கே ஒரு நீளம் நடுக்குளிரிலும் உறைவதில்லை, நூற்றுக்கணக்கில் வாத்துகள் அங்கேயே தங்கிவிடும். தண்ணீரில் வாத்தைப் பார்த்த லேப்ரடாரைக் கூப்பிட்டு நிறுத்த உங்களால் முடியும் என்று நினைத்தால், கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.